இறுகாத பிடி

இடது முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு செழியனுக்கு இது முதல் கபடி மேட்ச். பழைய ஆட்டம் இன்னும் இருக்கிறதா என்று இன்று தெரிந்துவிடும். எதிரணியில் ஜெபராஜ். கணுக்காலைப் பிடித்தால் விடாதவன். ஆஸ்பத்திரியில் துணைக்குக் கூடவே படுத்துக்கிடந்த நண்பன். முதல் ரெய்டில் செழியனின் இடது கால் அவன் கையில் சிக்கியது. விட்டுவிட்டான். செழியனுக்குப் புள்ளி, கூட்டம் கத்தியது.

இடைவேளையில் செழியன் அவன் பனியனைப் பிடித்தான். "ஏன்டா விட்ட?"

"வழுக்கிருச்சு மாப்ள."

"உனக்கா? நான் முடிஞ்சுட்டேன்னு நெனச்சுட்ட, அப்படித்தானே?"

ஜெபராஜ் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

அடுத்த ரெய்டில் செழியன் நேராக அவனிடம் போய் இடது காலை நீட்டினான். ஜெபராஜின் விரல்கள் கணுக்காலைச் சுற்றின. இறுகவில்லை. நடுக்கோடு பக்கத்தில்தான் இருந்தது. செழியன் திரும்பாமல், மூச்சு தீர்ந்து அவுட்டாகும்வரை பாடிக்கொண்டே நின்றான்.