உச்சிச் சோறு யாருக்கு?

உச்சிச் சோற்றுக்காக வாழையிலை விரித்த தட்டு, யார் பெயரும் சொல்லப்படும் முன்பே ஹண்டோகோவின் கைக்குப் போய்விட்டது. கூட்டத்தில் யாரோ கைதட்டவும் செய்தார்கள். வெனிங் முக்காட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பைத் தக்கவைக்கப் பாடுபட்டாள்.

செமாராங் நகரத் துணி ஆலையில் ஆண்டு விழா என்றால் தும்பெங் இல்லாமல் நடக்காது. கோபுரமாகக் குவித்த மஞ்சள் சோறு, சுற்றிலும் பொரித்த கோழி, சோயா தெம்பே, அவித்த முட்டை. துஆ என்னும் பிரார்த்தனை முடிந்ததும் தலைவர் சுதிரோ கோபுரத்தின் உச்சியை வெட்டி, தம் மனத்துக்குப் பட்ட ஒருவருக்குக் கொடுத்துக் கௌரவிப்பார். போன வருடம் அது வாயிற்காவலருக்குக் கிடைத்தது.

இந்த வருடம் அவர் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைவர் யார் என்பது இந்த விழாவில் தெரியும் என்று சொல்லியிருந்தார். உச்சிச் சோறு யாருக்கோ அவருக்குத்தான் நாற்காலியும் என்று ஆலை முழுக்க ஒரே பேச்சு. களத்தில் இருந்தது இரண்டு பேர்: உற்பத்தி முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் வெனிங், சாயப் பிரிவைக் கவனிக்கும் ஹண்டோகோ.

"பெட்டி கட்டியாச்சா, இபு?" 'அம்மா' என்கிற அந்த மரியாதைச் சொல்லை இழுத்தபடி ஹண்டோகோ தட்டோடு அவள் பக்கம் சாய்ந்தார். "நான் தலைவரா வந்ததும் உங்களைத் தெகால் கிளைக்கு அனுப்பிடறேன். புதுப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுங்க. சத்தமில்லாத வேலை, உங்களுக்கு ஏத்தது."

"அல்லாஹ் நாடினது நடக்கும்," என்றாள் வெனிங். தெகாலுக்குப் போவதைவிட வேலையை விட்டுவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவு துதிக்குக்குப் பொறுக்கவில்லை. "நோன்பு மாசத்துல அந்தச் சாயம் கெட்டுப் போச்சே, அது யாரால? ஹண்டோகோ சோதிச்சுப் பார்க்காம விட்டதால. நீங்க என்னடான்னா, 'என் மேற்பார்வை, என் தப்பு'ன்னு எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சீங்க. அதுக்கப்புறம்தான், 'பொம்பளை கையில ஆலையைக் குடுத்தா இப்படித்தான்'னு பேச ஆரம்பிச்சாங்க."

"அன்னிக்கு அவர் மக ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தா, துதிக். அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிக் காட்டிக்குடுக்கச் சொல்றே?"

"இப்ப அந்த முகம் எப்படிச் சிரிக்குது பாருங்க. நல்ல மனசுக்கெல்லாம் இந்த ஆலையில விலை கிடையாது, இபு."

"விலை போடறவன் மேல இருக்கான்," என்றாள் வெனிங். ஆனால் அந்தச் சொல்லை நம்ப அவளுக்கே இன்று கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.

சுதிரோ எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. துஆ ஓதிய பெரியவருக்குச் சூடான தேநீரை விளிம்பு தட்ட ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டினார். பிறகு மேசைத் தலைமாட்டில் வந்து நின்று கத்தியை எடுத்தார். கூடம் அடங்கியது.

"வயசாச்சு, கை நடுங்குது," என்றார். "இபு வெனிங், இப்படி வாங்க. இந்தத் தடவை நீங்க வெட்டுங்க."

ஹண்டோகோ வாய்விட்டுச் சிரித்தார். "சரியான ஆளைத்தான் கூப்பிட்டீங்க, ஐயா! சமையற்கட்டுக் கத்தி பொம்பளை கைக்குத்தான் படியும்."

சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. வெனிங்கின் கன்னம் எரிந்தது. இத்தனை வருட உழைப்புக்குக் கடைசியில் இன்னொருவர் தட்டில் சோறு வைக்கும் வேலையா? கத்தியைப் போட்டுவிட்டு வெளியே நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சோற்றின் ஆவி முகத்தில் பட்டது. இறைவன் தந்த உணவு. அதன்மேல் கோபத்தைக் காட்டுவது பாவம். "பிஸ்மில்லா," என்று இறைவன் பெயரை முணுமுணுத்து உச்சியைச் சிதறாமல் வெட்டினாள்.

ஹண்டோகோ தட்டை நீட்டினார். சோற்றை வைத்தாள். பக்கத்தில் கோழித் துண்டு ஒன்றை வைத்தவள், அதில் ஒட்டியிருந்த சிவப்பு மிளகாயை மட்டும் கரண்டியால் ஒதுக்கி எடுத்தாள்.

"உங்க வயித்துப் புண்ணுக்கு ஆகாது," என்றாள் மெதுவாக.

ஹண்டோகோவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் தட்டை விட்டு மேலே எழவில்லை.

சுதிரோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் ஒரு பெயரைச் சொல்வார், சொல்வார் என்று வெனிங் காத்தாள். கடைசியில் அவளுக்கே அந்த மௌனம் தாங்கவில்லை.

"யாருக்குன்னு சொல்லுங்க, ஐயா. ஹண்டோகோவுக்குத்தானே?"

"என்னைக் கேட்டா?" சுதிரோ மேசைத் தலைமாட்டிலிருந்து விலகி, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றார். "இத்தனை வருஷத்துல உச்சியை யாருக்குக் குடுக்கலாம்னு நான் யாரையாவது கேட்டிருக்கேனா?"

வெனிங் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். கூட்டத்துக்குள்ளிருந்து சுதிரோ சிரித்தார்.

"வெட்டுறவங்கதானே முடிவு பண்ணணும், தலைவரம்மா!"