மதியத்தில் விடிந்த வீடு

உடம்பைப் பின்னால் வளைத்தால் நெஞ்சு விரியும், மூச்சு நிறைய உள்ளே போகும், தூக்கம் கலையும். முன்னால் குனிந்தாலோ மூச்சு மெதுவாகி உடம்பு அடங்கும். மயிலாவின் வீட்டுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே யாராவது பின்னால் வளையும் காலை நேர ஆசனம் போட்டால் திரைச்சீலைகள் விலகும், வானொலி பாடும். முன்னால் குனியும் இரவு நேர ஆசனம் போட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

மகன் பிறந்ததிலிருந்து மயிலா சரியாகத் தூங்கியதே இல்லை. அந்த ஞாயிறு மதியம், குழந்தையைக் கணவன் நிமலனிடம் விட்டுவிட்டு, படுக்கையறையில் நெற்றி தரையில் படக் குனிந்தாள். பிறகு சவாசனத்தில் கிடந்தாள். வீடு இருண்டது. கண் சொக்கிய நேரத்தில் திரை விலகி, முகத்தில் வெயில் அடித்தது. வானொலி பாடத் தொடங்கியது.

“ஏங்க! தொப்பையக் குறைக்க இந்த நேரந்தான் கெடச்சுதா?”

“நானா? துணி மடிச்சிட்டு இருக்கேன்டி!”

கோபத்தோடு கூடத்துக்கு வந்தாள். அவன் உண்மையிலேயே துணிக்குவியல் நடுவே உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், மல்லாக்கக் கிடத்தியிருந்த மகன் முதன்முதலாகக் குப்புற விழுந்து, கைகளை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான். அச்சு அசல் புஜங்காசனம்.

“நீ போய்ப் படு. இவனத் திருப்பிப் போட்டுடறேன்.”

“தொட்டீங்க, கைய ஒடைப்பேன்! போய் அரிசி மாவ எடுங்க. புள்ள குப்புற விழுந்தா கொழுக்கட்டை அவிக்கணும்ல?”

“அப்ப உன் தூக்கம்?”

மயிலா அதற்குள் தரையில் குப்புறப் படுத்து, மகனுக்கு நேரே தலையை நிமிர்த்தியிருந்தாள். இன்னொருவரும் எழுந்துவிட்டார் என்று நினைத்து, வீடு பாட்டுச் சத்தத்தைக் கூட்டியது.