முதுகுக்குப் பின்னால் ஒருவர்

“கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்! எத்தனை தடவை சொல்றது?”

வென் யா தூரிகையும் கையுமாகத் திரும்பி முறைத்தாள்.

நான்ஜிங்கில் ஓவியம் கற்றுக்கொடுப்பவள். மலையை நேரில் பார்த்தே வரைய வேண்டும் என்று அங்கிருந்து இந்தத் தேயிலைக் கிராமத்துக்கு வந்திருந்தாள். மேகம் விலகிச் சிகரம் முகம் காட்டுவது காலையில் இரண்டு மணி நேரம்தான். அந்த நேரம் பார்த்து இந்த ஊர்க்காரர் கெங் வந்து பின்னால் நின்றுகொள்கிறார். இன்றோடு மூன்று நாள்.

“உங்களுக்கு வேலை வெட்டி எதுவும் இல்லையா?”

“இருக்கு டீச்சரம்மா. தேயிலை பறிக்கணும்.”

“அப்ப போய்ப் பறிங்க!”

“நீங்க முடிச்சதும் போறேன்.” சிரித்தார். பூண்டு வாசனை அடித்தது.

வென் யா பல்லைக் கடித்துக்கொண்டு மை தொட்டாள்.

அன்றைக்கு என்னவோ கை தானாக ஓடியது. பாறை, பைன் மரம், நடுவில் வெறும் தாளாக விட்ட இடத்தில் மேகம். அப்படியே வந்துவிட்டது மலை!

தள்ளி நின்று பார்க்கலாம் என்று ஓரடி, இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மூன்றாவது அடியில் இரண்டு கைகள் முதுகில் பதிந்து அவளை முன்னால் தள்ளின.

“தொட்டுத் தள்றீங்களா? இருங்க, வர்றேன்!”

நேரே விடுதிக்கு வந்தாள். விடுதியை நடத்தும் டாய் அக்கா மூங்கில் குருத்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க ஊர்க்காரருக்கு மரியாதையே தெரியாதா? என் முதுகுல கையை வெச்சுத் தள்றார்!”

“எங்கே நின்னு வரையறீங்க?”

“மேலே, அந்தத் தட்டைப் பாறையில.”

டாய் அக்கா கத்தியைப் போட்டுவிட்டு, “வாங்க என்கூட” என்று கிளம்பினாள்.

பாறையில், காற்றில் பறக்காதபடி ஓவியத்தின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார் கெங். வென் யா பின்னால் நகர்ந்த பக்கம் இருந்த புதரை டாய் அக்கா ஒரு குச்சியால் விலக்கினாள்.

அங்கே தரையே இல்லை. வெகு கீழே ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

“போன வருஷம் ஒரு ஓவியர் இப்படித்தான் படத்தைப் பார்க்கப் பின்னால போய் விழுந்துட்டார். இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு. அப்புறம் யார் இங்கே வரைய வந்தாலும் இவர் வந்து நின்னுடுவார்.”

வென் யா சட்டென்று பாறையின் நடுவுக்கு நகர்ந்தாள்.

“இதை என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?” கெங்கைப் பார்த்துக் கேட்டாள்.

கெங் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

“தினமும் நீங்க வரைய ஆரம்பிச்சதுமே சொன்னேன் டீச்சரம்மா. நீங்களும் மலையைப் பார்த்துக்கிட்டே ‘சரி, சரி’ன்னீங்க.”