மீசைக்குப் பதிலாக

"ஏளா, கொஞ்சம் சிரி. ஆபீஸுக்கு நேரமாச்சு."

நயினார் செல்போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். சண்முகத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு, கடனே என்று உதட்டை இழுத்தாள்.

திரையில் மஞ்சள் வட்டம் அப்படியே நின்றது.

"பத்தாதாம். பல்லு தெரியணுமாம்."

"உங்க கம்பெனிக்காரனுக்கு வேற சோலியே இல்லையா?"

முணுமுணுத்துக்கொண்டே பல்லைக் காட்டினாள். வட்டம் பச்சையானது.

"அப்பாடா. இன்னிக்குச் சம்பளம் தப்பிச்சுது," என்று நயினார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. ஊழியர்கள் சந்தோசமாக இருக்க வேண்டுமாம். தினமும் காலையில் இந்த ஆப்பில் சிரித்தால்தான் வருகைப் பதிவாம். ஒருநாள் சாயங்காலம் வந்து சொன்னார். அவரே சிரித்தும் பார்த்தார். வட்டம் அசையவில்லை. அய்யனார் மீசை மேலுதட்டை முழுசாக மூடியிருந்தது.

"மீசையை எடுத்துர வேண்டியதுதான்," என்று கத்திரியைத் தேடினார்.

சண்முகத்தாய் பதறிப்போனாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதே அவளுக்குப் பிடித்துப்போன மீசை அது.

"அதுல மட்டும் கை வைக்காதீய."

"அப்ப நீ சிரி. அதுக்கு ஆள் அடையாளமா தெரியப்போவுது? வட்டத்துக்குள்ள ஒரு சிரிப்பு விழுந்தா போதும்."

அவளுக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்த நேரம் அது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து தையல் அறையை நாசம் செய்திருந்தது. மிஷின் போனதுகூடப் பெரிதில்லை. கல்யாணத்துக்கென்று நம்பிக் கொடுத்தவர்களின் துணியெல்லாம் சேற்றோடு சேறாகிவிட்டது. யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டாள்.

ஆனாலும் புருசன் வேலை ஆயிற்றே. நாள் தவறாமல் சிரித்துக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமையுமா?" என்று ஒருதரம் கேட்டாள்.

"கப்பலுக்கு ஏதுளா ஞாயித்துக்கிழமை?" என்றுவிட்டார்.

போனுக்குப் பின்னால் அந்த மீசையும் சேர்ந்து இழுபடுவதைப் பார்த்து, சில நாள் அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிடும். ஆனால் கம்பெனியை ஏமாற்றுகிறோமே என்ற பயம் மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று கப்பல் வந்துவிட்டதென்று நயினார் விடியுமுன்னே ஓடினார். வழக்கமான நேரத்துக்குச் செல்போன் கூவியது. பார்த்தால், சார்ஜரிலேயே கிடக்கிறது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சண்முகத்தாய் அவசரமாகச் சிரித்தாள். பச்சை வந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆள் விடியலிலேயே ஆபீஸுக்குப் போய்விட்டார், சிரிப்பு இப்போதுதான் வீட்டிலிருந்து போகிறது. மாட்டிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்?

சேலையை மாற்றிக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

எதிர் சீட்டில் பக்கத்துத் தெரு ஸ்டெபி. வெள்ளத்தில் போனதில் அவளுடைய கல்யாண ஜாக்கெட்டும் உண்டு. இத்தனை மாதமாகச் சண்முகத்தாய் யார் கண்ணில் படக்கூடாதென்று ஒளிந்திருந்தாளோ, அவளேதான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோசம், பல்லைக் காட்டிவிட்டாள்.

ஸ்டெபியும் சிரித்தாள். "யக்கா, ஆளையே காணும். மறுபடி எப்ப தைக்கப் போறீய? எங்க நாத்தனாருக்கு ஜாக்கெட் தைக்கணும். உங்களுக்காகத்தான் வேற எங்கயும் குடுக்காம வச்சிருக்கேன்."

சண்முகத்தாய்க்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி உயிர் ஆபீஸில் மேனேஜர் கையில் இருந்தது.

மேனேஜர் ஜெஸ்டின் சின்ன வயசுக்காரர். பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க மதினி. அண்ணாச்சி கப்பல்கிட்ட நிக்காரு. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. போனை மேஜைமேல் வைத்தாள்.

"சார், அவரு மேல தப்பு இல்ல. தினமும் சிரிச்சது நாந்தான். மீசை மறைக்குன்னுதான் இப்பிடிப் பண்ணிட்டோம். வேலைய விட்டு எடுத்துராதீய."

ஜெஸ்டினுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தார்.

"இது கம்பெனி ஆப் இல்லையே மதினி. நாங்க பெருவிரலை வச்சுல்லா உள்ள வாரோம்."

"அப்ப இது?"

"மனசு சரியில்லாதவங்க தினமும் சிரிச்சுப் பழகுததுக்கு உள்ளது. எங்க தங்கச்சியும் வச்சிருக்கா." விரலால் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல பதிஞ்சிருக்கதே உங்க பேருதான். சண்முகத்தாய்னு போட்டிருக்கு."

சண்முகத்தாய் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலை போகாது என்ற நிம்மதி முதலில் வந்தது. பிறகு கத்திரியைத் தேடிக்கொண்டு வீட்டைப் புரட்டிப்போட்ட மீசைக்காரர் நினைவுக்கு வந்தார். மனுசன் எப்படி நடித்திருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சியக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் சார்." போனை எடுத்துத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் இங்கன வந்ததையே அவருட்ட சொல்லிராதீய."

"ஏன் மதினி?"

சண்முகத்தாய் சிரித்தாள். எதிரே வட்டமும் இல்லை, போனும் இல்லை.

"நாளைக்கும் அவரு வேலைய நாந்தானே காப்பாத்தணும்."