செத்தவீட்டு வீடியோவில் ட்ரம்பெட்

கோசலை பென்டிரைவை எறிந்த வேகத்தில் அது மேசையில் துள்ளி, ஐங்கரனின் தேத்தண்ணீர்க் கோப்பையில் மோதி நின்றது.

"செத்தவீட்டு வீடியோவுக்கு ஆரும் கள்ளன் பொலிஸ் மியூசிக் போடுவினமோ?"

பாரிஸின் ரூ பெர்தொனே தெருவிலிருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவில் கலியாண அல்பம் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

லா சப்பல் பகுதித் தமிழர்களில் எவர் வீட்டுச் சாவென்றாலும் வீடியோ எடுப்பவன் ஐங்கரன்தான். வர முடியாத சொந்தங்கள் கனடாவிலும் ஊரிலும் இருந்து பார்த்து அழ வேண்டுமே. பெட்டி வரும்போது புல்லாங்குழல், வாய்க்கரிசி போடும்போது வீணை. பதினைந்து வருடமாக அதில் ஒரு மாற்றமும் கிடையாது.

அவள் புருஷன் மகாலிங்கத்துக்கு மட்டும் ஜாஸ்.

அண்ணனை வழியனுப்பினீர்களா, நக்கலடித்தீர்களா என்று கனடா மச்சாள் போனில் கேட்டுவிட்டாள். கோசலைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சனியன் பிடித்த இசை அவளுக்குத் தெரியாததா? வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் மத்தியானம் முழுக்க அவர் பார்த்தது அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் தொடர்கள்தான். பெரிய தந்தி வாத்தியம் டும் டும் என்று நடக்கத் தொடங்கினால் எவனோ பின்தொடர்கிறான் என்பார். ட்ரம்பெட் தனியாக இழுத்தால் பிணம் கிடைத்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவள் குசினியிலிருந்து கத்துவாள். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.

ஒரு நாள்கூட நோயென்று படுக்காத மனுஷன், ஐப்பசியில் நித்திரையிலேயே பொசுக்கென்று போய்விட்டார். அவருக்கே தெரியாமல் போனது புண்ணியம் என்றார்கள் எல்லோரும். அந்த ஒன்றில்தான் அவளும் மனம் ஆறியிருந்தாள்.

ஐங்கரன் பென்டிரைவைக் கணினியில் செருகினான். திரையில் மகாலிங்கம் சால்வையும் சந்தனப் பொட்டுமாகப் பெட்டிக்குள் கிடந்தார். ட்ரம்பெட் இழுத்தது.

"அக்கா, இந்த மியூசிக்கை அண்ணைதான் கொண்டுவந்து தந்தவர். இருதயம் இனி ஒரு வருசமும் தாங்காதெண்டு டொக்டர் சொன்ன கையோடை, தை மாசம் வந்தவர். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டார்."

தை.

பத்து மாதம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவளோடு சண்டை பிடித்து, அவள் பக்கத்திலேயே படுத்து எழும்பியிருக்கிறார். வீடியோக்காரனுக்குச் சொல்ல வாய் வந்திருக்கிறது.

கோசலை ஐங்கரனை விட்டுவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள். பெட்டியில் கிடந்தவரைப் பார்த்து வாயில் வந்தபடியெல்லாம் ஏசத் தொடங்கினாள்.

ஐங்கரன் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினான்.