பன்னிரண்டாவது எலி

செவிலிமேட்டு மருந்தியல் கல்லூரியின் விலங்கு அறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. ஆய்வு மாணவி சுகாசினியின் கையில் ஸ்டாப்வாட்ச். ஒருமுறை பார்த்த குட்டியைப் பெரிய எலி இரண்டு மணி நேரத்தில் மறந்துவிடும். மறுபடி விட்டால் புதிதாய் வந்ததைப்போல நெடுநேரம் மோந்து பார்க்கும். அந்த நினைவை நீட்டிக்கத்தான் அவளுடைய மருந்து, மூன்று வருட உழைப்பு. பதினோரு எலிகள் மறந்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான். எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புத்தண்ணீர் என்பது ஊசி போட்ட பணியாளர் யேசுதாஸுக்கு மட்டும் தெரிந்த சீட்டில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் முன்பு இதனிடம் விட்டு எடுத்த அதே குட்டியை அவர் மறுபடி கூண்டுக்குள் விடுகிறார். பெரிய எலி மீசை துடிக்க நெருங்கி, அதன் காதோரம் ஒரே ஒருமுறை மூக்கை வைத்து எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது. "இன்னாமா இது, பெத்த புள்ளையப் பாத்த மாதிரி கம்முனு பட்த்துக்கிச்சி!" என்கிறார் யேசுதாஸ். "சீட்ட எடுங்கண்ணா, சீக்கிரம்." பிரித்துப் பார்த்தவர் சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். "இதுக்கு உப்புத்தண்ணிதாம்மா போட்டிருக்குது." மருந்து தோற்றுவிட்டது என்று சுகாசினிக்குப் புரிகிறது. ஆனாலும் அவள் கண்கள் கூண்டைவிட்டு நகரவில்லை. குட்டி பெரியதன் வயிற்றுக்கடியில் முட்டி நுழைகிறது. அது கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுகிறது.