இருட்டுப் பக்கத்தில் விழுந்த கோடுகள்

திருப்பூர் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலை தமயந்திக்கு. இரண்டு கறுப்புத் துணிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எது ஒரு இழை வெளுப்பு என்று சொல்லிவிடுவாள். அவளுடைய கல்யாண வீடியோ வந்த அன்று டிவியில் போட்டுப் பார்த்தால், அவளுடைய கறுத்த முகத்தில் மெல்லக் கரைந்து இறங்கவேண்டிய நிழல் பட்டை பட்டையாக உடைந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற கணவனின் சிவந்த முகத்தில் ஒரு கோடும் இல்லை. மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனாள்.

ஸ்டுடியோக்காரர் சாந்தலிங்கம் பொறுமையாகச் சொன்னார். "கேமரா ஒவ்வொரு நிறத்தையும் ஆயிரத்துச் சொச்சம் படியா எடுக்குதுங்க. உங்களுக்குக் குடுக்கறப்ப எட்டு பிட்ல, இருநூத்தம்பத்தாறு படியாச் சுருக்கிடறோம். இருட்டுப் பக்கம் படி பத்தாம கோடு விழுந்திருச்சு. முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிட்டா ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாப் பொண்ணுங்களுக்கும் அதான் செய்யறோம்."

"படி பத்தலீன்னா படியக் கூட்டுங்க. முகத்தை எதுக்கு மாத்தறீங்க?"

"பத்து பிட்ல, அந்த ஆயிரத்துச் சொச்சம் படியோடயே மறுபடி போடணும். சாயங்காலம் ஆயிருமுங்க."

"ஆகட்டுங்க. லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்." தமயந்தி நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோதும் எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிக்குப் படம் ஓடியது. மணமேடையில் அவள் தலை நிமிர்ந்தாள். கன்னத்துக் கறுப்பு எங்கும் அறுபடாமல் கழுத்துக்கு இறங்கியது.

"இதுல ரொம்பக் கறுப்பாத் தெரியறீங்களே" என்றார் சாந்தலிங்கம்.

"நான் தெரியறேனில்லீங்களா, அது போதும்" என்று பென்டிரைவுக்குக் கையை நீட்டினாள்.